பனிக்காலைப் படங்கள்: வாசகர் கேள்வி பதில்

பெருமழை ஓய்ந்து தை பிறந்ததும் திருகோணமலையைச் சுற்றியுள்ள வயல்களிலும் குளக்கட்டுகளிலும் விடியற்காலைகளில் பனி இறங்கத் தொடங்குகிறது. அந்தப் பனியைப் படமெடுத்துவிட்டு மனநிறைவு அடையாத வாசகர்களின் கடிதங்களும் அதே நாட்களில் வந்து சேருகின்றன. இம்முறை அவற்றை மட்டும் தெரிந்தெடுத்திருக்கிறேன். படம் அனுப்பியவர்கள் தயவுதாட்சணியம் இன்றி விமர்சிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். எல்லாப் படங்களையும் அச்சிட இடம் போதாது என்பதால், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பின்னரே என் கருத்தைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் வயல்வெளியில் காலை ஆறே முக்கால் மணிக்கு எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்குப் பனி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. படத்திலோ மழை வரப்போகும் மாலைப்பொழுதைப் போல எல்லாம் இருண்டு கிடக்கிறது. கமரா பழுதாகிவிட்டதா? (ஆசிரியர் ஒருவர், தம்பலகாமம்)

பதில்: கமராவில் பழுது எதுவும் இல்லை. அதற்குள் இருக்கும் ஒளிமானி, எந்தக் காட்சியைக் காட்டினாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. மதிய வேளையில் ஒரு தெருவைப் படமெடுக்கும்போது அந்தக் கணக்குப் பொருந்திவிடும். பனி மூடிய வயல் சராசரியைவிட மிகவும் வெளிச்சமானது என்பதால், கமரா அதையும் சாம்பலாக்க முயன்று ஒளியைக் குறைத்துவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி, ஒளியை ஏறத்தாழ ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய புகாருக்கு மூன்றில் இரண்டு ஸ்டொப் போதும்; எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்கு அடர்ந்த பனியில் ஒன்றரை வரை கூட்டலாம். 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த வலய முறையில், முழுக் கறுப்பு முதல் முழு வெண்மை வரை பூச்சியம் தொடக்கம் பத்து ஈறாகப் படிகள் இருக்கின்றன. ஒளிமானி எல்லாவற்றையும் ஐந்தாம் படியில் கொண்டுபோய் வைக்கும். பனி இருக்க வேண்டிய இடம் ஆறாம், ஏழாம் படிகள். அந்த ஒன்றிரண்டு படி வித்தியாசத்தைத்தான் நாம் கையால் கூட்டிக் கொடுக்கிறோம். எடுத்த பின் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருள் இடப்புறமும் வெளிச்சம் வலப்புறமுமாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: பனிப்படத்தின் மேடு ஒடுங்கியதாக இருக்கும், அது நடுவுக்குச் சற்று வலப்புறமாக, ஆனால் வலது விளிம்பை முட்டாமல் நின்றால் உங்கள் ஒளியூட்டம் சரியானது.

இனிப் படத்தின் அமைப்பு. இடது கீழ் மூலையிலிருந்து ஒரு வரம்பு வளைந்து உள்ளே செல்கிறது. அதன் ஓரமாக மூன்று பனைகள் நிற்கின்றன. முதலாவது கறுப்பாகவும், இரண்டாவது சாம்பலாகவும், மூன்றாவது இருக்கிறதோ இல்லையோ என்னும்படியும் தெரிகின்றன. நீங்கள் கடிதத்தில் அந்த மூன்றாவது பனை தெளிவாக வரவில்லையே என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கோ இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். அது இல்லாவிட்டால் இந்த வயல் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அறிய வழியே இருந்திருக்காது.

பனியில் தூரம் நிறத்தை எப்படித் தேய்க்கிறது என்பதை 1924 இல் ஜேர்மானிய வானிலை அறிஞர் கொஷ்மீடர் சூத்திரமாக்கினார். கறுப்பான ஒரு பொருளுக்கும் அதன் பின்னாலுள்ள வெளிக்கும் இடையிலான வேறுபாடு ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் தூரத்தையே நாம் பார்வைத்தூரம் என்கிறோம். பார்வைத்தூரம் 500 மீற்றராக உள்ள ஒரு காலையில், 50 மீற்றரில் நிற்கும் பனையின் கறுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். 125 மீற்றரில் எட்டில் மூன்று பங்கும், 250 மீற்றரில் ஏழில் ஒரு பங்கும் மிஞ்சும். ஆகவே படத்தில் அடுக்கடுக்காக ஆழம் தெரிய வேண்டுமானால், உங்களுக்கு வேண்டிய மரங்கள் எல்லாம் பார்வைத்தூரத்தின் முதற்பாதிக்குள் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும். அதற்கு மரங்களை நகர்த்த முடியாது, நீங்கள்தான் வரம்பு வழியே முன்னும் பின்னும் நடந்து பார்க்க வேண்டும். உங்கள் படத்தில் முதலாவது பனையும் இரண்டாவதும் ஏறத்தாழ ஒட்டி நிற்கின்றன. இடப்புறமாக நாலைந்து அடி தள்ளி நின்றிருந்தால் இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் புகுந்திருக்கும்.

கேள்வி: உட்துறைமுகத்தின் மீது பனி இருந்த ஒரு காலையில் என் போனால் பதினைந்து படங்கள் எடுத்தேன். எனக்கு நான்காவது படம் மிகவும் பிடித்திருக்கிறது. அம்மம்மாவிடம் காட்டியபோது, "இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே பிள்ளை" என்றார். வீட்டில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா ஐயா? (மாணவி, உவர்மலை)

பதில்: உங்கள் நான்காவது படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் மூன்றில் ஒரு பங்கு அசைவற்ற சாம்பல் நீர். சரி நடுவில் ஒரு தோணி. அதில் ஒருவர் வலது பக்கம் பார்த்தபடி நிற்கிறார். மேலே முழுவதும் வெறும் வெண்மை. இடது விளிம்பில் பாதியாக வெட்டுண்ட ஒரு மின்கம்பமும், அதிலிருந்து குறுக்கே ஓடும் ஒரு கம்பியும் இருக்கின்றன.

அம்மம்மா சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். அவர் கண் எதில் தங்குவது என்று தெரியாமல் அலைந்திருக்கிறது. அதைத் தம் வார்த்தையில் சொல்லியிருக்கிறார். பனிப்படத்தில் வெறுமை இருப்பது குற்றமாகாது. குற்றம் அந்தக் கம்பத்தில் இருக்கிறது. எல்லாமே மங்கிக் கிடக்கும் ஒரு படத்தில் மிகக் கறுப்பாகவும் மிகக் கூர்மையாகவும் இருப்பது எதுவோ, அதை நோக்கித்தான் பார்ப்பவரின் கண் முதலில் ஓடும். உங்கள் படத்தில் அது அருகில் நிற்கும் மின்கம்பம். தோணிக்காரரோ தூரத்தில் பாதி கரைந்து நிற்கிறார். கண் கம்பத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு வெளியே போய்விடுகிறது; தோணியை ஒருவர் சந்திக்கும் முன்பே படம் முடிந்துவிடுகிறது. இடது பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டு அம்மம்மாவிடம் மீண்டும் காட்டுங்கள். அவர் இம்முறை என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள், அறிய ஆவலாக இருக்கிறேன்.

கத்தரித்தவுடன் இன்னொரு நன்மையும் கிடைக்கும்: தோணி நடுவிலிருந்து சற்று இடப்புறமாக நகர்ந்து, அந்த மனிதர் பார்க்கும் திசையில் கூடுதலான வெண்மை கிடைக்கும். அவர் எதை நோக்கிப் போகிறார் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாத பக்கத்துக்குத்தான் இடம் விட வேண்டும். பின்னால் கிடக்கும் வெண்மை அவ்வளவு பயன் தருவதில்லை.

பதினைந்து படங்களில் பதிவாகியுள்ள நேரத்தையும் பார்த்தேன். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் நான்கே நிமிடங்கள்தாம் இருக்கின்றன. பனி கலைய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருக்கும். அந்த நேரத்தில் தோணி நகர்ந்திருக்கும், எதிர்க்கரையின் மரவரிசை கோடாக முளைத்திருக்கும், சூரியன் வெண்மைக்குள் ஒரு வட்டமாகத் தெரிந்திருக்கும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அந்த இடத்திலேயே நின்று காத்திருக்கும் பழக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனின் மென்பொருள் பனியை ஒரு குறைபாடாகவே எண்ணித் திருத்தப் பார்க்கும். காட்சியைத் தானாக மேம்படுத்தும் வசதியை நிறுத்திவிடுங்கள். தோணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியையும் பூட்டிய பின், விரலை மேல்நோக்கி இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். விரல்களை விரித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். உண்மையான தூரவில்லை உங்கள் போனில் இல்லையென்றால், அது படத்தைக் கத்தரித்து ஊதிப் பெருப்பிக்கும் வேலையை மட்டுமே செய்கிறது.

துறைமுகத்தைச் சூழக் கடற்படையின் இடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேலி, காவலரண், போர்க்கப்பல் ஆகியவற்றை நோக்கிப் போனைத் திருப்பாதீர்கள். பனிக்குள் எது எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது என்பதால், பனிக்காலையில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

கேள்வி: வாடைக்காற்று வீசும் நாளொன்றில், கரையேற்றி வைத்த வள்ளங்களையும் மூடுபனியையும் சேர்த்து எடுத்தேன். கணினியில் 'டீஹேஸ்' வசதியால் பனியைக் குறைத்து, நிறங்களையும் கூட்டினேன். பேஸ்புக்கில் நண்பர்கள் மிகவும் பாராட்டினார்கள். ஆனால் ஒரு போட்டிக்கு அனுப்பியபோது முதற் சுற்றிலேயே நீக்கிவிட்டார்கள். இரண்டு வடிவங்களையும் அனுப்புகிறேன். (நிலாவெளி)

பதில்: ஒரு சிறு திருத்தத்தோடு தொடங்குகிறேன். உங்கள் படத்தில் இருப்பது மூடுபனி அன்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றுக் கரை நெடுகப் பரப்பிய புகார் அது. தரைப்பனி உருவாக காற்று அடங்கியிருக்க வேண்டும். வாடை அப்படிச் சுழற்றி அடிக்கும் நேரத்தில் கடற்கரையில் அது தங்காது. இந்த வித்தியாசத்துக்குச் செய்முறையிலும் ஒரு பயன் உண்டு. கடற்புகார் நல்ல வெயிலிலும் இருக்கும் என்பதால் அதைப் பின்னேரத்திலும் எடுக்கலாம். ஆனால் உப்பு உங்கள் லென்ஸில் படிந்துவிடும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியில் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பின்பு சற்றே ஈரமான மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.

இப்போது இரண்டு வடிவங்களுக்கும் வருவோம். கணினியில் திருத்தாத மூலப்படத்தில் ஐந்து வள்ளங்கள் கரை வழியே வரிசையாகப் போய், ஐந்தாவது ஒரு நிழலாகத் தேய்கிறது. அமைதியான, நல்ல படம். திருத்திய வடிவத்தில் ஐந்தும் ஒரே கடுமையோடு நிற்கின்றன. வானத்தில் சேறு தெளித்ததுபோல் திட்டுகள் வந்திருக்கின்றன. வள்ளங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது. நீலச் சாயம் கண்ணைக் குத்துகிறது. புகாரை நீக்கும் கருவி, மிகச் சிறிதாக இருக்கும் நிற வேறுபாட்டைப் பிடித்து இழுத்து நீட்டுகிறது. நீட்டும்போது அதனோடு கலந்திருக்கும் மணல்போன்ற இரைச்சலையும் சேர்த்தே நீட்டிவிடுகிறது. அந்தத் திட்டுகள் அப்படி வந்தவை. நடுவர்கள் ஏன் நீக்கினார்கள் என்று நான் அறியேன், ஆனால் நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் திருத்திய வடிவத்தை ஒதுக்கி வைத்திருப்பேன். உங்கள் கையில் ஏற்கெனவே இருந்த ஆழத்தை நீங்களே துடைத்துவிட்டீர்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் கருவியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், முதல் வள்ளத்தின் மீது மட்டும், அதுவும் சிறிதளவே பயன்படுத்துங்கள். அண்மையில் இருப்பது கொஞ்சம் அழுத்தமானால் தொலைவில் இருப்பது தானாகவே இன்னும் தொலைவுக்குப் போகும்.

கேள்வி: பனியில் எடுத்த படம் முழுவதும் வெள்ளைப் பொட்டுகள் வட்டம் வட்டமாகத் தெரிகின்றனவே, இவை என்ன? (வெருகல்)

பதில்: பிளாஷ் தானாக எரிந்திருக்கிறது. லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் நீர்த்துளிகள் அந்த ஒளியில் மின்னியிருக்கின்றன. பிளாஷை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அதிகாலையில் வயலுக்குப் போய்க் கமராவை எடுத்தால் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிடுகிறது. ஆவி போன பிறகும் கமரா குவிய மறுத்து முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கிறது. (கிண்ணியா)

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. நீங்கள் கமராவைக் குளிரூட்டி இயங்கும் அறையில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் ஊரில் விடியற்காலைக் காற்று நமக்குக் குளிராகத் தெரிந்தாலும், அந்த அறையைவிடச் சூடாகவும் ஈரம் நிறைந்ததாகவும் இருக்கக்கூடும். குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் உடனே படிந்துவிடுகிறது. முதல்நாள் இரவே கமராவைப் பையோடு குளிரூட்டி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், விருந்தினர் விடுதி அறையொன்றில் குளிரூட்டிக்கு நேர் கீழே கமராவை வைத்துத் தூங்கிவிட்டு, அந்தப் பருவத்தின் மிக நல்ல பனிக்காலை ஒன்றில் முக்கால் மணிநேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை துடைப்பதில் பயனில்லை.

குவியத்தைப் பொறுத்தவரை, தானியங்கிக் குவியம் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு விளிம்பைத் தேடுகிறது. பனியில் அப்படி ஒன்று கிடைப்பதில்லை. உங்கள் கருப்பொருள் நிற்கும் அதே தூரத்தில் மரத்தண்டு, வேலிக்கட்டை என்று கடுமையான விளிம்புள்ள ஒன்றைப் பிடித்துக் குவித்துவிட்டு, கைமுறைக் குவியத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு வளையத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எடுத்த படங்களை மற்றவர்கள் விமர்சிக்கிறோம். சென்ற மாதம் பனிப்படங்கள். கூட்டம் சண்டையில் முடிந்தது. ஒருவர் "எல்லாம் ஒரே வெள்ளை" என்றார். எடுத்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். விமர்சனத்தை எப்படி நடத்துவது? (இளைஞர் குழு, மூதூர்)

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். நானும் ஒருகாலத்தில் இதே தவறைச் செய்திருக்கிறேன். என்னிடம் பழகவந்த ஓர் இளைஞர் கொண்டுவந்த பனிப்படத்தைப் பார்த்து, "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் படத்தை உறையில் போட்டுக்கொண்டு போனார். அதன் பின் அவர் எனக்கு எந்தப் படத்தையும் காட்டவில்லை. இன்று அந்தப் படத்தை நினைத்துப் பார்க்கும்போது, அதில் பார்க்க நிறையவே இருந்தது என்று தோன்றுகிறது.

உங்கள் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கைச் சொல்கிறேன். ஒரு படத்தை எடுத்து வைத்ததும், எடுத்தவர் பேசாமல் இருக்கட்டும். மற்றவர்கள் இரண்டு நிமிடங்கள் மௌனமாகப் பார்க்கட்டும். இதைக் குறைத்துவிட வேண்டாம், ஏனெனில் பனிப்படங்கள் மெதுவாகத்தான் திறக்கின்றன, முதல் பத்து வினாடியில் வெறும் வெள்ளையாகத் தெரிவது ஒரு நிமிடம் கழிந்த பின் நான்கு சாம்பல் அடுக்குகளாகப் பிரியும். அடுத்து, ஒவ்வொருவரும் தாம் காண்பதை மட்டும் சொல்லட்டும்: "ஒரு மருதமரம், அதன் கீழ் ஓர் எருமை, பின்னால் ஒரு கோடு, அது குளக்கட்டாக இருக்கலாம்" என்பதுபோல. அழகு, சூப்பர், சரியில்லை என்ற சொற்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. எட்டுப் பேரில் ஆறு பேர் எருமையைக் கவனிக்கவே இல்லை என்றால், எடுத்தவருக்கு வேறு விமர்சனமே தேவைப்படாது. அதன் பிறகு, கண் முதலில் எங்கே போனது, எங்கே வெளியேறியது என்று ஒவ்வொருவரும் விரலால் காட்டட்டும். கடைசியாகத்தான் எடுத்தவர் வாய் திறந்து, தாம் எதைக் காட்ட நினைத்தார் என்று சொல்ல வேண்டும். அவர் நினைத்ததற்கும் மற்றவர்கள் கண்டதற்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பற்றியே பேசுங்கள், எடுத்தவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

பனிப்படத்தை முன்னால் வைத்து நான் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளையும் தருகிறேன். இந்தப் படத்தில் பனி எதை மறைத்திருக்கிறது, அது மறைக்கப்பட வேண்டியதுதானா? தம்பலகாமத்து வயலில் ஒரு தொலைபேசிக் கோபுரத்தைப் பனி விழுங்கிவிட்டால் அது உதவி. எருமையின் தலையை விழுங்கிவிட்டால் ஐந்து நிமிடம் பிந்தி எடுத்திருக்க வேண்டும். பனியே இல்லாமல் இதே படத்தை எடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எதுவுமே குறையாது என்றால், அந்தப் படம் பனியை ஓர் அலங்காரமாக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறது. படத்தின் மிக வெளிச்சமான இடத்தில் நிறம் இருக்கிறதா அல்லது வெறும் கடதாசி தெரிகிறதா? எங்காவது ஓர் உண்மையான கறுப்பு இருக்கிறதா? எல்லாப் பனிப்படத்துக்கும் அது தேவையில்லை. ஆனால் அது இல்லாத படம் சுவரில் தொங்கும்போது சலித்துப்போகும் என்பது என் எண்ணம். என் நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நான் பழகிய காலத்தில் மூத்தவர் ஒருவர், படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கச் சொல்வார். மரம் மரமாகத் தெரியாமல் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும்போது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உடனே புரியும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. நீங்கள் எட்டுப் பேரும் வட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தத்தம் போனில் பார்த்து விமர்சித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பாதிச் சண்டை தொடங்கியிருக்கும். சாதாரணமாக அனுப்பப்படும் படத்தை அந்தச் செயலி சுருக்கிவிடுகிறது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பனிப்படம் அவற்றில் ஒரு சிறு பகுதிக்குள்ளேயே முழுவதும் அடங்கிவிடும். சுருக்கும்போது வழுவழுப்பாக இருந்த வெண்மை படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக உடைகிறது. அதன் மேல் ஒருவரின் திரை முழு வெளிச்சத்திலும் இன்னொருவரின் திரை பாதி வெளிச்சத்திலும் இருந்தால், "எல்லாம் ஒரே வெள்ளை" என்றவர் தம் திரையில் கண்டதை உண்மையாகவே சொல்லியிருக்கிறார். படங்களை ஆவணக் கோப்பாக அனுப்பி, எல்லோரும் ஒரே திரையில் பாருங்கள். முடிந்தால் அச்செடுத்துப் பாருங்கள். கோபித்துப் போனவரின் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய் அவரை அழைத்து வாருங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகன், பனி கொட்டிய வயலில் மூடுபனியும் சேர்ந்திருந்த காலையில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறான். ஒன்றில் எல்லாம் நீலமாகவும், இன்னொன்றில் அழுக்குச் சாம்பலாகவும் இருக்கின்றன. அவனுக்கு என்ன சொல்லட்டும்? (ஒரு தாய், திருகோணமலை நகர்)

பதில்: சாம்பலாக வந்ததற்கு மேலே தம்பலகாமத்து ஆசிரியருக்குச் சொன்ன காரணமே பொருந்தும். வெண்பனி இன்னும் வெளிச்சமானது என்பதால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை கூட்டச் சொல்லுங்கள். நீலமாக வந்தது, சூரியன் எழுமுன் வானத்தின் நீல ஒளி மட்டுமே பனியில் பட்டதால். அதை முற்றாக நீக்க வேண்டாம். ரோ கோப்பாக (கமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துவிட்டு, கணினியில் பாதி நீலத்தைக் குறைத்தால் குளிரும் மிஞ்சும், பனியின் வெண்மையும் தெரியும். வேலியோரத்தில் தனியாக நிற்கும் சிவப்புக் களஞ்சியம் உள்ள படம் மிகவும் நன்றாக இருக்கிறது என்று என் சார்பில் சொல்லுங்கள். களஞ்சியத்தை அவர் நடுவில் வைக்காமல் விட்டது நல்ல தீர்மானம். உறைகுளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும் என்பதால், மேலதிகப் பற்றரியைச் சட்டையின் உள்பையில் உடற்சூட்டில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வருமுன் வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பைக்குள் இட்டுக் காற்றுப் புகாமல் கட்டிவிட்டால், ஈரம் பையின் மேல் படியும், கமராவில் படியாது.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றில் காலையில் எழும் ஆவியை எடுக்க முயன்றேன். நேரில் நன்றாகத் தெரிந்த ஆவி படத்தில் இல்லவே இல்லை. (அன்புவழிபுரம்)

பதில்: நீங்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறீர்கள், கிணற்றுக் கட்டின் நிழல் விழும் திசையே அதைச் சொல்கிறது. நீர்த்துளிகள் தம்மீது படும் ஒளியில் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறவிடும். ஆகவே ஒளி ஆவிக்குப் பின்னாலிருந்து உங்களை நோக்கி வரும்படி நின்றால்தான் அது மின்னும். பின்னணியில் நிழல் படிந்த மரங்கள் போன்ற இருண்ட ஒன்று இருக்கட்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எந்த ஆவியும் தெரியாது. ஷட்டர் வேகம் நூற்றிருபத்தைந்தில் ஒரு வினாடி அளவில் இருந்தால் ஆவியின் சுருள் உருவம் கலையாது. ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இல்லை என்பதால், ஆவி அதிகம் எழும் கிணற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அங்கு வருபவர்கள் நீராடவும், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கடன் கழிக்கவும் வருகிறார்கள். உங்கள் இரண்டாவது படத்தில் ஈரச்சேலையோடு ஒரு பெண் நிற்கிறார். அவரிடம் கேட்டு எடுத்ததாகத் தெரியவில்லை. அந்தப் படத்தை நான் விமர்சிக்கப்போவதில்லை. அதை அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பனிப்படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கினால் தரம் கூடுமா? (சாம்பல்தீவு)

பதில்: படத்தின் நிறம் எதையும் சொல்லவில்லை என்றால் மாற்றுங்கள். விடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் பனியின் மேற்பகுதி இளஞ்சிவப்பாகவும் கீழ்ப்பகுதி நீலமாகவும் இருக்கும் ஒரு சிறு பொழுது உண்டு. அதைக் கறுப்பு வெள்ளையாக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: நாளைக் காலை பனி இருக்குமா இல்லையா என்று முன்கூட்டியே அறிய முடியுமா? மூன்று முறை அதிகாலையில் எழுந்து போய் ஏமாந்துவிட்டேன். (கந்தளாய்)

பதில்: ஓரளவுக்கு முடியும். மழை பெய்து நிலம் ஈரமாக இருக்க வேண்டும்; அதன் பின் வானம் வெளித்து, இரவில் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்; காற்று அடங்கி வாழையிலைகூட அசையாதிருக்க வேண்டும். இம்மூன்றும் கூடிய இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து பனியாகிறது. முகில் மூடிய இரவு போர்வைபோலச் சூட்டைக் காப்பாற்றிவிடும் என்பதால் அன்று பனி இராது. நீங்கள் போன மூன்று நாட்களும் மார்கழி நடுப்பகுதியில் வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மழையும் முகிலும் உள்ள காலம். தையின் பிற்பகுதியும் மாசியும் வரை பொறுத்திருங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வது நமக்கும் பொருந்தும். இரவு பத்து மணிக்கு முற்றத்துப் புல்லைக் காலால் தடவிப் பாருங்கள். அப்போதே நனைந்திருந்தால் அலாரம் வைக்கலாம்.

தை மாதத்தில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6.25 மணிக்கு உதிக்கிறது. நேர்கிழக்கிலிருந்து இருபது பாகை அளவு தெற்கே தள்ளி உதிக்கும் என்பதையும் நிற்கும் இடத்தைத் தெரியும்போது கணக்கில் எடுங்கள். 5.45 க்கு இடத்தில் இருந்தால் எல்லா ஒளியையும் பார்க்கலாம். எட்டு மணிக்குப் பின் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக ஒன்று. உங்கள் பக்கத்தில் யானைகள் இரவில் வயலுக்கு வந்து விடியும்போது காட்டுக்குத் திரும்புகின்றன. பனியில் இருபது அடி தள்ளி நிற்கும் யானையும் தெரியாது. குளக்கட்டிலோ காட்டோர வீதியிலோ தனியாக நடக்காதீர்கள். காவலுக்கு இருந்த வயற்காரர்கள் திரும்பும்வரை காத்திருந்து, இரவு யானை எந்தப் பக்கம் போனது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு அதற்கு எதிர்ப்பக்கமாகப் போங்கள்.